எம்.ஆர். ராதாவைத் தெரியாத ஊரில்

கனடாவின் ஒட்டாவாவுக்கு வந்த முதல் வருடம் குளிரைக்கூடத் தாங்கிக்கொண்டேன், மிமிக்ரி கையைவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஊரில் கல்லூரி விழாவானாலும் கல்யாண வீடானாலும் யாராவது மைக்கை என் கையில் திணித்துவிடுவார்கள். எம்.ஆர். ராதாவின் குரல் அடித்தொண்டையில் கரகரவென்று கிளம்பி, சட்டென்று கீச்சென்று மேலே ஏறும் இல்லையா, அந்த ஒரு ஏற்றத்தைப் பிடித்துவிட்டால் பேரைச் சொல்லவே வேண்டாம், கூட்டம் சிரித்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த கிடங்கில் ராதாவை யாருக்குத் தெரியும்? சரி, தமிழர்கள் கூடிய பொங்கல் விழாவிலாவது செய்வோம் என்று செய்தேன். பெரியவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள், அப்பா எதற்குச் சிரிக்கிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரவு ஷிப்டில் என்னோடு இருந்த ஒரு பெரியவர்தான் ரிச் லிட்டில் என்ற மிமிக்ரி கலைஞரின் பேரைச் சொன்னார். 1938இல் இதே ஒட்டாவாவில் பிறந்தவர். பள்ளியில் ஆசிரியர் கேள்வி கேட்டால் அந்த ஆசிரியரின் குரலிலேயே பதில் சொல்வாராம். அப்புறம் பதின்வயதிலேயே ஒரு நண்பரோடு சேர்ந்து இந்த ஊர் கிளப்புகளில் மேடையேறி, அரசியல்வாதி ஜான் டீஃபன்பேக்கரையும் மேயர் சார்லட் விட்டனையும் பேசிக் காட்டியிருக்கிறார். நைட்கிளப் மேடை லேசுப்பட்டதல்ல. எதிரே குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பவர்களை ஒரே வாக்கியத்தில் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும், குரலை அடையாளம் காண அவர்களுக்கு இரண்டு நொடிக்கு மேல் ஆனால் அன்றைய ஆட்டம் போச்சு.

1964இல் நடிகை ஜூடி கார்லண்டின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருக்கு வாய்ப்பு வந்தது. அங்கே டீஃபன்பேக்கரைக் கொண்டுபோய் என்ன செய்வது? எல்லை தாண்டினால் அந்தக் குரலுக்கு ஆள் இல்லை. ஆனால் ஹாலிவுட் நடிகர்களின் குரல்களும் அவரிடம் இருந்தன. கார்லண்டோடு நடித்த ஜேம்ஸ் மேசனை கார்லண்ட் முன்னாலேயே பேசிக் காட்டினார், கார்லண்ட் சிரித்துவிட்டார். பிறகு அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் குரல், தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜானி கார்சனின் குரல், லாஸ் வேகாஸ் மேடைகள் என்று போனது ரிச் லிட்டிலின் வாழ்க்கை. இதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மிமிக்ரியில் பாதிதான் நம் தொண்டையில் இருக்கிறது, மீதிப் பாதி கேட்பவர் காதில் இருக்கிறது. நாடு மாறும்போது அந்தப் பாதியை யாராலும் பெட்டியில் போட்டு எடுத்துவர முடியாது.

அவரைப் பற்றி என்னை மிகவும் அசைத்த விஷயம் வேறு. 1982இல் வந்த ஒரு படத்தில் நடிகர் டேவிட் நிவன் நோயால் குரல் தளர்ந்திருந்தார், அவருக்காக டப்பிங் பேசியது ரிச் லிட்டில். சிரிப்பு மூட்டக் கற்ற வித்தை, ஒரு மனிதருக்கு அவர் குரலையே திருப்பிக் கொடுத்திருக்கிறது. மிமிக்ரியைச் சில்லறை வேலை என்று சொல்பவர்களிடம் இதை நான் விடாமல் சொல்கிறேன்.

ரிச் லிட்டில் எண்பது வயதைத் தாண்டியும் லாஸ் வேகாஸில் டிராபிகானா ஹோட்டலில் மேடையேறினார். அந்த ஹோட்டலையே 2024இல் இடித்துவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், இந்த ஊரின் காதில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். தினமும் பேருந்தில் அடுத்த நிறுத்தத்தை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்லும் பதிவுக்குரல். மழையோ பனியோ, அதற்கு ஒரே நிதானம், நிறுத்தத்தின் பேருக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியைப் பிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் இடைவேளையில், மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து அதே குரலில் அடுத்த நிறுத்தம் மைக்ரோவேவ் என்றேன். சோமாலியாக்காரர் ஒருவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், அந்தப் பெரியவர் மேசையைத் தட்டினார். வந்து ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கிடங்கில் நான் கேட்ட முதல் கூட்டச் சிரிப்பு அதுதான்.

இப்போது பிரெஞ்சுப் பாதியைப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவர்களுடைய 'ர' நாக்கு நுனியில் வராது, தொண்டையின் அடியிலிருந்து கரகரத்து வர வேண்டும். ராதா கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது அது.