சுவிட்சில்தான் பிரச்சினை, ஆனால் எந்த சுவிட்ச்?

மாலையானால் எங்கள் வீட்டில் நெட் போய்விடும். மொபைலில் வைஃபை கோடுகள் எல்லாம் முழுதாக நிற்கும், ஆனால் ஒரு பக்கம் திறக்காது. ஏறக்குறைய மூன்று வாரம் இப்படியே ஓடியது. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்ப்பார்கள், இணைப்பு திணறத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நானே நம்பவும் செய்தேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வீடு முழுக்க வைஃபை பரப்ப, நோடு எனப்படும் பல பெட்டிகள் சேர்ந்து வேலை செய்யும் மெஷ் எங்களிடம் இருக்கிறது. மோடத்திலிருந்து ஒரு கேபிள் அதன் முதன்மை நோடுக்குப் போகிறது. அங்கிருந்து அலமாரிக்குள் இருக்கும் எட்டு போர்ட் சுவிட்சுக்கு ஒன்று (மின் சுவிட்ச் அல்ல, பல நெட் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி). சுவிட்சிலிருந்து சுவருக்குள் நான்கு கேபிள்கள்: மாடி நோடுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, என் வேலை அறைக்கு இரண்டு. (புதிதாக மாட்டியபோது மோடத்துக்கு அடுத்து சுவிட்சை வைத்து, நோடுகளை எல்லாம் அதில் செருகி இரண்டு நாள் வீணாக்கியது தனிக்கதை. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற அடையாள எண்ணைக் கொடுக்கும் ஆள் முதன்மை நோடுதான். சுவிட்சை அதற்கு முன்னால் வைத்தால் மற்ற நோடு அதைத் தாண்டி நேராக மோடத்திடம் போய் நிற்கும்.)

நெட் நின்றதும் நான் செய்ததெல்லாம் வைஃபை வைத்தியம். சேனலை மாற்றினேன். நோடுகளுக்குள் இருக்கும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். நோடுகளை இடம் மாற்றி வைத்தேன். ஒருமுறை எல்லாவற்றையும் ரீசெட் செய்து முதலிலிருந்து அமைத்தேன். இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தைக் கூப்பிட்டால் "எங்கள் பக்கம் லைன் சரியாக இருக்கிறது சார்" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. நான்தான் நம்பவில்லை.

இதில் என்னை நன்றாக ஏமாற்றியது ஒரு பழக்கம். நெட் நின்றால் வெறுத்துப்போய் வேலை அறையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மடிக்கணினியோடு ஹாலுக்கு வந்துவிடுவேன். ஹாலில் கொஞ்ச நேரத்தில் நெட் வந்துவிடும். ஆகவே அறைக்குள் சிக்னல் எட்டவில்லை என்று முடிவுகட்டி மூன்றாவதாக ஒரு நோடு வாங்கினேன். அதை அறை வாசலில் வைத்த அன்று மாலையும் நெட் போனது.

ஒரு நாள் என் மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க வேலை பாக்க உக்காந்தாத்தான் நெட் போகுது." சிரித்துவிட்டேன். ஆனால் மனசுக்குள் அது அரித்தது.

மறுநாள் மேசைக் கணினியிலிருந்து முதன்மை நோடுக்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) போட்டு ஓடவிட்டேன். அந்தக் கணினி வைஃபையில் இல்லை, கேபிளில் இருக்கிறது. வழக்கமாக ஒரு மில்லி செகண்டுக்குள் பதில் வர வேண்டும். முதலில் ஒழுங்காக வந்தது, பிறகு ஆயிரத்தைத் தாண்டியது, பிறகு பதிலே இல்லை. வெளி இணையம் கிடக்கட்டும், என் கணினியிலிருந்து என் வீட்டு நோடுக்கே கேபிள் வழியாகப் போய்ச்சேர முடியவில்லை. அப்படியென்றால் இதில் வைஃபைக்கும் பங்கில்லை, நிறுவனத்துக்கும் பங்கில்லை. நடுவில் இருப்பது சுவிட்ச் ஒன்றுதான்.

மெஷ் செயலியில் நோடுகள் எல்லாம் படமாகத் தெரியும், சுவிட்ச் தெரியாது. பேசத் தெரிந்ததைத்தான் நான் அதுவரை விசாரித்துக்கொண்டிருந்தேன். அலமாரியைத் திறந்தேன். வழக்கமாக ஒவ்வொரு விளக்கும் தன் போக்கில் மினுங்கும். இப்போது எல்லாம் ஒரே தாளத்தில், கண் கூசும் வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தன. "சுவிட்சில்தான் பிரச்சினை" என்று கத்தினேன். மனைவி ஓடிவந்து சுவரில் இருந்த மின் சுவிட்சைப் பார்த்தார்.

எல்லாக் கேபிளையும் பிடுங்கி, ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் பொறுத்தேன். முதன்மை நோடு, அமைதி. மாடி, அமைதி. டிவி, அமைதி. வேலை அறையின் முதல் கேபிள், அமைதி. இரண்டாவதைச் செருகியதும் வெறியாட்டம். ஆகா, கேபிள் கெட்டுவிட்டது என்று வேறு போர்ட்டில் போட்டேன், அதே கதை. சும்மா பார்ப்போமே என்று முதல் கேபிளை எடுத்துவிட்டு இரண்டாவதை மட்டும் விட்டேன். அமைதி! தனித்தனியாக இரண்டும் நல்ல பிள்ளைகள். சேர்ந்தால்தான் வினை.

மேசைக்குக் கீழே குனிந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. அங்கே என் பழைய ரூட்டர் ஒன்று, டிஹெச்சிபியும் (ஐபி முகவரி கொடுக்கும் வேலை) வைஃபையும் அணைக்கப்பட்டு, வெறும் சுவிட்சாக வேலை செய்கிறது. சுவரில் உள்ள இரண்டு சாக்கெட்டில் ஒன்று அதற்கு, மற்றது பிரிண்டருக்கு. பிரிண்டரை வைஃபைக்கு மாற்றிய பிறகு அந்தக் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. அறையை ஒழுங்கு செய்த நாளில் நான்தான் அதைப் பழைய ரூட்டரின் காலி போர்ட்டில் செருகியிருக்கிறேன். இரண்டு வழி இருந்தால் நல்லதுதானே என்ற அசட்டு எண்ணம் வேறு. இரண்டு கேபிளைச் சேர்த்து ஒரே வழியாக்க இரண்டு முனையிலும் அதற்கான அமைப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் கிடைப்பது வட்டம். லூப் என்பார்கள்.

தரவு சின்னச் சின்ன ஐபி பொட்டலங்களாகத்தான் போகும். அதில் டிடிஎல் என்று ஒரு எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் குறைந்து, பூஜ்யமானால் பொட்டலம் செத்துவிடும். அந்தப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக் கேபிளிலும் சுவிட்சிலும் ஓடும் உறைக்கு ஈதர்நெட் சட்டகம் என்று பெயர். அதற்கு அப்படி ஆயுள் கணக்கு கிடையாது. "இந்த ஐபி யாரிடம்?" என்று ஏதோ ஒரு கருவி எல்லோருக்கும் பொதுவாகக் கேட்கும் ஒரு கேள்வி போதும், அது வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் மற்ற போர்ட்டுகளுக்கும் நகல் அனுப்பி, கம்பி முழுவதையும் அடைத்துவிடும். இதைத் தடுக்கத்தான் 1985இல் கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன், வட்டம் உண்டாக்கும் வழியைத் தானாக அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையை உருவாக்கினார். என்னுடையதைப் போன்ற மலிவான, அமைப்புப் பக்கமே இல்லாத சுவிட்சில் அது இருக்காது.

மாலையில் மட்டும் ஏன்? அந்தப் பழைய ரூட்டரின் மின்சாரம் மேசையடி எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து வருகிறது. நான் வேலைக்கு உட்காரும்போது அதைப் போடுவேன். ரூட்டர் எழுந்து நிற்க ஒரு நிமிடம் ஆகும் என்பதால் இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. மகளுக்குத் தோன்றியது. மனைவி பார்த்ததும் ஒரு விதத்தில் சரியான சுவிட்ச்தான்.

கேபிளைப் பிடுங்கியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. விளக்குகளைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது: மாடி நோடின் விளக்கு மட்டும் ஆரஞ்சு, மற்றவை பச்சை. என் சுவிட்சில் பச்சை என்றால் கிகாபிட் வேகம், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஆரஞ்சு என்றால் அதற்குக் கீழே (நிறம் மாடலுக்கு மாடல் மாறும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்). மாடியில் ஸ்பீடு டெஸ்ட் எப்போதும் 94 எம்பிபிஎஸில் நின்றதன் காரணம் அதுதான். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கேபிளின் எட்டுக் கம்பிக்கும் ஒவ்வொரு விளக்கு உள்ள கேபிள் டெஸ்டரில் ஏழாவது விளக்கு எரியவில்லை. சாக்கெட்டைக் கழற்றினால் பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி பிடியிலிருந்து நழுவியிருந்தது. திரும்ப அழுத்திப் பொருத்தியதும் விளக்கு பச்சையானது.

இப்போது ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் எங்கே போகிறது என்று எழுதிய காகிதம் ஒட்டியிருக்கிறது. மூன்றாவது நோடைத் திருப்பிக் கொடுக்கும் நாள் எப்போதோ கடந்துவிட்டது. அது மகளின் அறையில் இருக்கிறது, தேவையே இல்லாமல்.