வருமானம் கேட்டு வீணாய்ப் போன 43 படிவங்கள்

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று மாநிலம் முழுவதும் பரவியுள்ள நிலையில், அவற்றில் உள்ள ஏழைக் குடும்பங்கள் எந்த அளவுக்குத் தற்சார்பு அடைந்திருக்கின்றன என்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். நெறியாளரின் ஒப்புதலும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற்றது வரை எந்தச் சிக்கலும் இல்லை. மாவட்ட அலுவலகத்தின் படியேறிய பிறகுதான் அலைச்சல் தொடங்கியது.

குழுக்களின் பட்டியல் வேண்டி, துறைத் தலைவரின் கடிதத்துடன் 2023 ஜூன் மாதம் விண்ணப்பித்தேன். இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேட்டபோது, அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார் பிரிவு எழுத்தர். அவருடைய மேசையிலேயே வைத்துவிட்டு வந்தது என் பிழை. தபால் பிரிவில் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்காத காகிதம் அந்தக் கட்டடத்தில் காகிதமாகவே கருதப்படுவதில்லை. மறுபடி கொடுத்து முத்திரை வாங்கினேன். மூன்றாம் முறை போனபோது, வினாநிரல் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்ப் படியை இணைக்காமல் கோப்பை மேலே அனுப்ப இயலாது என்று அதே எழுத்தர் சொன்னார். முதல் நாளே சொல்லியிருந்தால் போக வர நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம் ஒன்று மிச்சமாகியிருக்கும்.

ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான், 'குடும்பம்' என்றால் யார் யார் என்பதை நான் எங்கும் வரையறுக்கவில்லை என்பது தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் மாமியாருக்கும் மருமகளுக்கும் தனித்தனி அடுப்பு எரிகிற வீட்டை எப்படிக் கணக்கிடுவது? 'ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள்' என்று திருத்தி இணைத்தேன். ஜூலை இறுதியில் அனுமதி கிடைத்தது.

முதல் கிராமத்துக்குக் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரில் ஒரு பெண்கூட இல்லை. எல்லாரும் நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். அந்த ஆண்டு தொடக்கம் முதல் வருகைப் பதிவுக்காகக் காலையில் ஒரு படமும் பிற்பகலில் ஒரு படமும் செயலியில் ஏற்றுவது எல்லா வேலையிடங்களிலும் கட்டாயமாகியிருந்ததால், இடையில் யாரும் எழுந்து வர முடியாது. தேநீர்க் கடை வாசலில் மாலை வரை உட்கார்ந்திருந்து, கடைசிப் பேருந்துக்கு முன்னால் இரண்டே பேரிடம் பேசிவிட்டுத் திரும்பினேன். இத்தகைய ஆய்வுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே குழுவை வழிநடத்தும் உறுப்பினரான ஊக்குநரைத் தொலைபேசியில் அழைத்து, குழுக்கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த மூன்று வாரத்தில் 43 படிவங்கள் நிரம்பின. அறைக்கு வந்து கூட்டிப் பார்த்தபோது வயிறு கலங்கியது. பதினைந்து ஆண்டுகளாகக் குழுவில் இருந்து இரண்டு கறவை மாடும் தையல் கடையும் வைத்திருப்பவருக்கும், போன ஆண்டு சேர்ந்த கூலித் தொழிலாளிக்கும் ஏறக்குறைய ஒரே வருமானம் பதிவாகியிருந்தது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம்கள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மாதம் ஆயிரம் ரூபாய் பெறக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. கையில் படிவத்துடன் வாசலில் வந்து நின்று வருமானம் கேட்கிற என்னை அவர்கள் வேறு யாரென்று நினைப்பார்கள்? "ஆயிரம் ரூவாய நிறுத்திற மாட்டீங்களே கண்ணு?" என்று ஒரு பாட்டி படியிறங்கும்போது கேட்டது, அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

43 படிவங்களையும் ஒதுக்கிவிட்டேன். செப்டம்பர் 15இல் திட்டம் தொடங்கி, முதல் தவணை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே மீண்டும் ஊருக்குள் போனேன். இம்முறை 'ஆண்டு வருமானம் எவ்வளவு' என்ற கேள்வியையே நீக்கினேன். போன வாரம் எத்தனை நாள் வேலை, என்ன கூலி, பால் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள், மளிகைக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டபோது பதில்கள் விரல்நுனியில் வந்தன. கூலியைப் பற்றி விரிவாகக் கேட்பதற்கும், குழுவில் சேராத குடும்பங்களையும் சந்திப்பதற்கும் நெறியாளர் வற்புறுத்தியதே காரணம். அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் மிக ஏழைப் பெண்களுக்குக் கால்நடையும் பயிற்சியும் கொடுத்த ஒரு திட்டத்தைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வை அவர் எடுத்துக் காட்டினார். பயன்பெற்றவர்கள் முன்னேறியது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் வேளாண் கூலி உயர்ந்ததால் திட்டத்தில் சேராதவர்களும் முன்னேறியிருந்தார்கள். மாட்டைப் பார்த்துக்கொள்வதற்காகக் கூலி வேலையைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு நிகர லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

எனக்குக் கிடைத்த ஒரே பெரிய வெற்றி குழுவின் கடன் பேரேடு. நான்காவது கூட்டத்தில், நான் கேட்காமலேயே, ஊக்குநர் அதைத் துணிப்பையிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தார். ஓரங்கள் எண்ணெய்ப் பிசுக்கேறிய நீளக் கணக்குப் புத்தகம். யார், எப்போது, எதற்கு, எவ்வளவு வாங்கினார், எத்தனை தவணை கட்டினார் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஒருவர் பெயருக்கு நேரே 'ஆடு வாங்க, ரூ.30,000' என்று எழுதியிருந்தது. வீட்டைச் சுற்றி ஆடே காணோமே என்று அவரிடம் கேட்டேன். கூட்டமே சிரித்தது. "அந்த ஆடு பி.எஸ்சி. ரெண்டாம் வருசம் படிக்குது" என்றார் அவர்.

வினாநிரலில் இந்த விடையைப் பதிய ஓர் இடமில்லை. 'பேரேட்டில் உள்ள காரணம்', 'உண்மையில் செலவானது' என்று இரண்டு பத்திகளாகப் பிரித்திருக்கிறேன். அதற்குள் அனுமதிக் காலம் முடிந்துவிட்டது. நீட்டிப்புக்கான விண்ணப்பத்தைத் திருத்திய தமிழ் வினாநிரலுடன் போன திங்கட்கிழமை தபால் பிரிவில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்திருக்கிறேன்.