மருத்துவமனை லாண்டரிக்கு டிடர்ஜென்ட் ஒப்பந்தம் எழுதிய அனுபவம்

கோவையில் ஒரு மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, தியேட்டர் துணி, நோயாளி அங்கி எல்லாவற்றையும் எங்கள் சொந்த லாண்டரியில்தான் துவைக்கிறோம். டிடர்ஜென்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பழையதில் இருந்தது ஒரே வரி: தரமான சலவைத் தூள், இன்ன பிராண்டு அல்லது அதற்கு இணையானது. இணையா இல்லையா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்வது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. வந்து இறங்கிய தூள் நன்றாக நுரைத்தது. ஆனால் ரத்தக்கறை போகவில்லை, வெள்ளை விரிப்புகள் போகப்போகச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன. சப்ளையரோ "தரமான சரக்குதான் சார்" என்றார். அவரை மறுத்துப் பேச ஒப்பந்தத்தில் எங்களுக்குப் பிடி எதுவும் இல்லை.

லாண்டரி பொறுப்பாளர் அக்காதான் முதலில் வழி காட்டினார். ஒரு கண்ணாடி டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்கி அப்படியே வைத்தார். சற்று நேரத்தில் அடியில் வெள்ளையாக ஒரு படிவு, விரலில் தொட்டால் நறநறவென்று இருந்தது. டோலமைட், கால்சைட் போன்ற கரையாத கலப்புப் பொருள் அப்படித்தான் படியும். சோடியம் சல்பேட், சாதா உப்பு கலந்திருந்தால் கரைந்துவிடும், டம்ளரில் தெரியாது. அதனால் ஆய்வகப் பரிசோதனை கட்டாயம் என்று முடிவு செய்தோம்.

அழுக்கை எடுப்பதில் பெரும்பங்கு சர்ஃபாக்டன்ட்டுடையது, அதாவது அழுக்கைத் துணியிலிருந்து பிரித்து நீரோடு கொண்டுபோகும் பொருளுடையது. தூளில் விலை கூடிய சரக்குகளில் அதுவும் ஒன்று, மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் குறைப்பதும் அதைத்தான். வீட்டு உபயோகச் சலவைத் தூளுக்கு ஐ.எஸ். 4955 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. எங்களுடையது மெஷின் சலவை என்பதால் அதை அப்படியே எடுக்காமல், ஆதாரமாக வைத்துக்கொண்டு வரம்புகளை நாங்களே எழுதினோம்: ஆக்டிவ் அளவு (சர்ஃபாக்டன்ட்டின் அளவு), நீரில் கரையாதது, ஈரப்பதம், 1 சதவீதக் கரைசலின் பி.எச். (அமில, காரத் தன்மை).

ஏலத்துக்கு முந்தைய கூட்டத்தில் ஒரு விற்பனையாளர், தன் தூளில் ஆக்டிவ் 40 சதவீதம் என்றார். கிளறிப் பார்த்தால், சர்ஃபாக்டன்ட்டே அல்லாத சோடா ஆஷையும் (சலவைச் சோடா வகை) சேர்த்துக் கணக்குச் சொல்கிறார்! அன்றே ஒரு விளக்கப் பிரிவு சேர்த்தோம்: ஆக்டிவ் என்பது எதிர்மின் அயனி வகை, மின்னூட்டம் இல்லாத அயனியற்ற வகை ஆகிய சர்ஃபாக்டன்ட் மட்டும், மொத்த எடையில் சதவீதமாக. ஆய்வகத்தில் ஆக்டிவ் அளவைக் கணக்கிடும் வழக்கமான இருநிலை டைட்ரேஷன் சோதனை எதிர்மின் வகையை மட்டுமே காட்டும். அதனால் அயனியற்றதைத் தனியாக அளக்க வேண்டும் என்பதையும் எழுதிவிட்டோம். இதை விட்டுவிட்டால் நல்ல சரக்கு தருபவருக்குத்தான் அநியாயம்.

அப்புறம் தண்ணீர். லாண்டரிக்கு வருவது சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் அல்ல, போர்வெல் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் டிடர்ஜென்ட்டில் ஒரு பங்கை விழுங்கிவிடும். எங்கள் தண்ணீரின் அதிகபட்சக் கடினத்தன்மையை ஒப்பந்தத்திலேயே போட்டோம், மாதிரிச் சலவையும் அதே தண்ணீரில்தான் என்றோம். பின்னால் "உங்க தண்ணி சரியில்லை" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

பழையதில் "சலவை ரசாயனங்கள்" என்று மொத்தமாக இருந்ததை டிடர்ஜென்ட், பிளீச், நியூட்ரலைசர் (துணியில் தங்கும் காரத்தைப் போக்குவது) என்று பிரித்தோம். ரத்தக்கறைக்கு, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் என்சைம் டிடர்ஜென்ட்டில் வேண்டும். குளோரின் பிளீச்சோடு ஒன்றாகக் கொட்டினால் அந்த என்சைம் செயலிழந்துவிடும். துவைக்கும் வரிசையும் ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கிறது: முதலில் குளிர்ந்த நீரில் அலசல் (வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு ஒட்டிக்கொள்ளும்), பிறகு மிதமான சூட்டில் சலவை, கடைசியில் கிருமி நீக்கத்துக்கு 71 டிகிரி.

விலையைத் தூளின் கிலோவுக்குக் கேட்காமல், துவைக்கும் உலர் துணியின் கிலோவுக்குக் கேட்டோம். மலிவான தூளைக் கூடுதலாகக் கொட்டினாலும் லாபமில்லை. அப்படியானால் சப்ளையர் தூளின் அளவைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாமே என்று கணக்குப் பிரிவு கேட்டது, சரியான கேள்வி. மறுசலவைக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் போனால் ரசாயனச் செலவு சப்ளையருடையது என்று சேர்த்தோம்.

அதிக வாக்குவாதம் நடந்தது மாதிரி எடுப்பதில். இரு தரப்பும் முன்னிலையில் எடுத்து மூன்றாகப் பிரித்து சீல் வைக்க வேண்டும்: ஒன்று என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு, ஒன்று சப்ளையருக்கு, ஒன்று தகராறு வந்தால் பிரிக்க. அறிக்கை வருவதற்குள் பாதி மூட்டை தீர்ந்திருந்தால்? ஆக்டிவ் சிறிது குறைந்தால் அதே விகிதத்தில் தொகைப் பிடித்தம், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சப்ளையர் மீதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பயன்படுத்தியதற்கும் பணம் கேட்கக் கூடாது. இந்த ஒரு பிரிவுக்குத்தான் சப்ளையர் கடைசி வரை கையெழுத்துப் போடத் தயங்கினார். நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, போட்டுவிட்டார்.