மத்தளத்தைக் கொடுத்துவிட்டேன், மகள்

"மத்தளத்தைத் தங்கச்சியின் மகனிடம் கொடுத்துவிட்டேன், மகள்" என்றார், நுரையீரல் நோய்க்காக எங்கள் கிளினிக்குக்கு வரும் ஐயா. "நல்லதுதானே ஐயா, அவன் அடிக்கட்டும்" என்றேன். நான் அங்கே தாதி. அவருடைய கொப்பியில் அடுத்த கிளினிக் திகதியை எழுதிக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஒட்சிசன் 93 வீதம் என்று காட்டியது. மருந்து பம்ப்பைச் சரியாக இழுத்து மூச்சை அடக்கிக் காட்டினார். பீடியை விட்டு நான்கு வருடம். எங்கள் கணக்கில் நல்ல நோயாளி.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரர், வடமோடிக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். விடியும்வரை நின்று மத்தளம் அடித்துப் பாடியவருக்கு இப்போது ஒரு தருவை, ஒரு கூத்துப் பாட்டை, முடிக்க மூச்சுப் போதாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் "நல்லதுதானே" என்றேன்.

நம் பக்கத்தில் வருத்தம் என்றால் நோய். "எத்தனை வருடமாக வருத்தம்?" என்று நாங்களே கேட்கிறோம். மனத்தில் இருப்பதை எந்தச் சொல்லால் கேட்பது? மனச்சோர்வு படிவத்தில் மட்டும் இருக்கிற சொல். ஆட்கள் "யோசனை" என்பார்கள். அவரும் முந்தைய மாதம் யோசனை, நித்திரை இல்லை என்றார். இரவு இருமலாக்கும் என்று விட்டுவிட்டேன். அது முழுப் பிழையும் இல்லை. நித்திரையின்மை, களைப்பு, சோறு இறங்காமை எல்லாவற்றையும் நுரையீரலும் தரும், மனமும் தரும். முட்டு, அதாவது மூச்சுத் திணறல், வருமென்று பயந்து வீட்டோடு இருந்தால் கால் தசை மெலிகிறது. பிறகு கிணற்றடிக்குப் போனாலே முட்டு வருகிறது. இதைத் தாதி மாணவிகளுக்கு அழகாகச் சொல்லிக் கொடுப்பேன்.

கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து கிடந்ததா என்று மனச்சோர்வை அறிய இரண்டே கேள்வி. ஒரு நிமிடம் போதும். வெளியே வரிசை நீளம் என்பது உண்மையான காரணம். அதே காலையில் இன்னொருவரோடு வெள்ளாமை பற்றி அதைவிட அதிக நேரம் பேசினேன் என்பதும் உண்மை.

அடுத்த மாதம் அவருடைய மகள் மட்டும் கொப்பியோடு வந்தாள். "அப்பாவுக்குக் களைப்பாம்." அப்போதுதான் வைத்தியரிடம் சொன்னேன். கூட்டிவரச் செய்து கேள்விகளைக் கேட்டேன், சாவு பற்றிய நினைப்பையும், மத்தளத்தை ஏன் கொடுத்தார் என்றும் கேட்டேன். சிரித்தார். "சும்மா தொங்கினால் தோல் கெட்டுவிடும் மகள், அதுதான் கொடுத்தேன்." நியாயமான பதில். நான்தான் இல்லாததைத் தேடினேனோ? ஆனால் நாட்டம் பற்றிய கேள்விக்கு, "எதில்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மனநலக் கிளினிக்குக்கு எழுதிய துண்டு அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்கிறார். மூச்சுப் பயிற்சிக்கு மட்டும் வருகிறார். அது மனத்துக்கும் உதவும் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

மருமகன் அடித்த கூத்துக்குப் போய் நடுச்சாமம்வரை இருந்தாராம். மகள் சொன்னாள். ரசித்தாரா, அழுதாரா என்று கேட்க வாய் வரவில்லை. கொப்பியை வாங்கித் திகதியை எழுதினேன்.