கண்ணாடி மட்டும் கைப்பையில்

மியூனிக் வந்த முதல் கோடையில் எனக்கு ஊர் ஞாபகத்தைக் கிளப்பியது சாப்பாடு இல்லை, விருச்சிகம். அம்பாசமுத்திரம் மொட்டைமாடியில் படுத்தால் கொடுக்கு வரைக்கும் முழுசாகத் தெரியும். இங்கே அட்சரேகை 48 டிகிரி வடக்கு. செவ்வாய் நிறத்தில் கேட்டை மட்டும் கூரைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும், வால் கூரைக்கு மேலே வரவே வராது.

பேச ஆளில்லாத சனிக்கிழமைகளில்தான் டெலஸ்கோப் ஆசை வந்தது. 8 அங்குல டாப்சோனியன், அதாவது குழாயின் அடியில் 8 அங்குலக் குழிக்கண்ணாடி ஒளியைக் குவிக்க, பலகைப் பீடத்தில் வைத்துக் கையால் திருப்பும் வகை. பழசு, 220 யூரோ. விற்ற பெரியவர், மாணவராக இருந்தபோது காசில்லாமல் ஒரு குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து 6 அங்குலக் கண்ணாடியைக் கையாலேயே தேய்த்தாராம். இப்போது சீனாவிலும் தைவானிலும் இயந்திரம் தேய்த்துத் தள்ளுகிறது. ஒரே தொழிற்சாலைக் குழாய் நாட்டுக்கு ஒரு பெயரில் விற்கிறது. டெலஸ்கோப்பில் அமெரிக்கப் பழம்பெயரான செலஸ்ட்ரான் கம்பெனியே 2005-ல் தைவானின் சின்டா நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. 2023-ல் வந்த சீஸ்டார் எஸ்50 என்ற டெலஸ்கோப் தானே வானத்தைத் தேடிப் படமும் எடுத்துவிடும், வந்தபோது விலை 500 டாலரை ஒட்டித்தான். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. கண்ணை வைத்துப் பார்க்காமல் என்ன பார்வை?

விலையை ஒப்பிடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்கக் கடை போடும் விலையில் விற்பனை வரி இருக்காது, ஜெர்மன் விலையில் 19 சதவீதம் உள்ளேயே இருக்கும். சென்னையில் விசாரித்தபோது இங்கத்திய விலையைப் போல ஒன்றரை மடங்கு சொன்னார்கள். சுங்கம், ஜிஎஸ்டி போக, கப்பல் கூலி. அந்தக் கூலியும் பெரும்பாலும் எதற்கு? அடியில் இருக்கும் மரத்தூள் பலகைக்கு! கண்ணாடி இரண்டு கிலோ சொச்சம்தான்.

போன மே மாதம் ஊருக்குப் போகையில் கண்ணாடிகளையும், கண் வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸையும் மட்டும் ஈரிழைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் சோதித்தவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டு விட்டுவிட்டார்.

கண்ணாடியைப் பொருத்தும் பெட்டி, எங்கள் தெரு ஆசாரி அண்ணாச்சி வேலை. 12 மில்லி பிளைவுட்டில் நாலடிக்குச் சதுரக் குழாய்.

"என்ன தம்பி, பீரங்கியா செய்யுதிய?"

அடிப்பலகை வழுக்கித் திரும்ப டெஃப்லான் துண்டின் மேல் உரசும் பக்கத்தில் என்ன ஒட்டலாம் என்று நான் யோசிப்பதற்குள், மிச்சம் கிடந்த சன்மைக்காவை ஒட்டிவிட்டார். மரமும் கூலியும் 6,500 ரூபாய். முதல் ராத்திரி ஒரு நட்சத்திரமும் புள்ளியாக நிற்கவில்லை, வால் முளைத்துக் கிடந்தது. கண்ணாடி சாய்ந்திருக்கிறது. திருகைத் திருகித் திருகியே பதினொரு மணி.

மறுநாள் பத்து மணிக்கு, தெற்கே தென்னைகளுக்கு மேலே, ஒமேகா சென்டாரி. நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கோளக் கொத்து, நம் பால்வீதியிலேயே பெரியது. மியூனிக்கில் அது உதிப்பதே இல்லை. அண்ணாச்சி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"ரவையைக் கொட்டுன மாதிரில்லா கிடக்கு" என்றார். பிறகு, "அடுத்த தடவை வரும்போது கண்ணாடி ரெண்டு கொண்டாங்க தம்பி. பொட்டி நான் போட்டுக்கிடுதேன்."