ஜிம்மி கிளாஸ்: ஒரு கோலுக்கு அப்புறம்

இங்கிலாந்துக் கால்பந்து கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸைப் பற்றிப் பேசினால் எல்லாரும் அந்த ஒரு கோலோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

1999 மே 8. கார்லைல் யுனைடெட் அணி இங்கிலாந்து லீக்கின் நான்காம் அடுக்கில் கடைசி இடம். பிளைமவுத்துடன் 1-1. இப்படியே முடிந்தால் லீக்கை விட்டே வெளியே. 90 நிமிடத்துக்குப் பிறகு நடுவர் சேர்த்த நேரமும் முடியப் போகிறது, கடைசி கார்னர். கோல்கீப்பர் கிளாஸ் தன் கோலைக் காலியாக விட்டு ஓடி வருகிறார். எதிரணிக் கீப்பர் தட்டிவிட்ட பந்து நேராக அவர் காலடியில் விழுகிறது, ஒரே உதை, கோல்! கடைசி இடத்துக்குத் தள்ளப்படும் ஆபத்தில் இருந்த இன்னொரு அணி ஸ்கார்பரோ. அந்த ஊரில் தப்பித்துவிட்டோம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கு இடி. அவர்கள் அணிதான் வெளியேறியது. பாவம்.

ஆனால் கிளாஸ் கார்லைல் வீரரே இல்லை. இருந்த கீப்பரை விற்றுவிட்டு ஆளில்லாமல் நின்றார்கள். லீக்கின் சிறப்பு அனுமதியோடு ஸ்விண்டன் அணியிலிருந்து கடனாக, அதாவது தற்காலிகமாக, வந்தவர் கிளாஸ். ஆடியது மூன்றே ஆட்டம். அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த ஒரு இறுதிப்போட்டியில் போர்ன்மவுத் அணிக்காக ஆடி, சொந்தக் கோலிலேயே பந்தைப் போட்டவரும் இவர்தான்.

இவ்வளவு பெரிய கோல் அடித்தும் கார்லைலில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. முப்பது வயதுக்கு முன்பே தொழில்முறை ஆட்டம் முடிந்தது. பிறகு டாக்ஸி ஓட்டினார். கீழ் லீக் வீரர்களின் பிழைப்பு அப்படி: குறுகிய ஒப்பந்தம், அது முடிந்ததும் அடுத்த ஊர். இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. பின்னாளில் போர்ன்மவுத்திலேயே வீரர்களுக்கு உதவும் வேலை கிடைத்தது என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷம்.