சொல்லிப் பார்த்த பிறகு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், என் மேனேஜரைப் போல ஒரு மோசமான ஆள் இருக்கவே முடியாது என்று நினைத்தேன். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை என் மேசைக்கு வந்து நிற்பார். "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பார். ஒரு சின்ன மின்னஞ்சலைக்கூட அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். காட்டினால் ஒரு காற்புள்ளியை எடுக்கச் சொல்வார், மறுநாள் அதே இடத்தில் திரும்ப வைக்கச் சொல்வார். வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் அவர் குரல்தான். ராஜினாமாக் கடிதத்தை இரண்டு முறை எழுதி அழித்திருக்கிறேன்.

அந்த மனிதரிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். இன்றைக்கும் நல்லது கெட்டதுக்குப் பேசிக்கொள்கிறோம். அவருக்கு அடுத்து வந்தவர் என் மேசைப் பக்கம் வந்து நின்றதே இல்லை, எப்போதும் சிரித்த முகம். ஆனால் அவரிடமிருந்துதான் நான் தப்பித்து வெளியே வர வேண்டியிருந்தது. அதையும் மிகவும் தாமதமாகத்தான் செய்தேன்.

முதலாமவர் விஷயத்தில் எனக்கு வழி காட்டியது பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு மூத்த சகா. "அவர்கிட்ட நேரா ஒரு தடவை பேசிப் பாரு. குறை சொல்லாதே, என்ன வேணும்னு சொல்லு" என்றார். ஒரு வாரம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். "சார், நீங்க அடிக்கடி வந்து கேக்கும்போது எனக்கு வேலை ஓட மாட்டேங்குது. தினமும் அஞ்சு மணிக்கு எது முடிஞ்சது, எது நிக்குதுன்னு நானே எழுதி அனுப்பிடறேன். நடுவுல சிக்கல்னா நானே வந்து சொல்றேன். ஒரு மாசம் இப்படிப் பார்க்கலாமா?" என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "மேல இருந்து கேட்டா நான் பதில் தெரியாம நிக்கக் கூடாதே, அந்தப் பயம்தான்."

முதல் வாரம் பழைய பழக்கத்தில் வந்தார். இரண்டாவது வாரம் இரண்டே தடவை. மூன்றாவது வாரம் வரவில்லை.

அவர் அந்தப் பிரிவிலேயே கெட்டிக்கார ஊழியராக இருந்து பதவி உயர்வு பெற்றவர். ஆட்களை எப்படி நடத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல இடங்களில் இதே கதைதான் நடக்கிறது. அமெரிக்காவில் 131 நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்து 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நன்றாக விற்றவர்களுக்கே பதவி உயர்வு அதிகம் கிடைத்தது தெரிந்தது. ஆனால் அப்படி உயர்ந்தவர்களின் கீழ் வேலை பார்த்தவர்களின் விற்பனை குறைந்திருந்தது. படித்தபோது அவர் பேனாவை மூடித் திறந்ததுதான் நினைவுக்கு வந்தது. தெரியாமல் தவறு செய்கிறவருக்கும் தெரிந்தே செய்கிறவருக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமே இருக்காது. இரண்டு பேருமே நம் தூக்கத்தைக் கெடுப்பார்கள்.

சரி, இரண்டாமவர். ஒரு முறை நாற்பத்திரண்டு பக்கம் வரும் ஒரு அறிக்கையைப் பதினேழு நாள் உட்கார்ந்து தயார் செய்தேன். மேலிடத்துக் கூட்டத்தில் அதைத் திரையில் காட்டினார். கடைசிப் பக்கத்தில் இருந்த என் பெயரைக் காணவில்லை. கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தால், உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர் அப்படியே இருந்தது. அதை எடுக்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. இதைவிட என்னை அறுத்தது அவருடைய ஒரு வாக்கியம். யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும், நாலு பேர் எதிரில், சிரித்துக்கொண்டே, "இதைக்கூட நான்தான் சொல்லித் தரணுமா?" என்பார். அதன் பிறகு யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள். தப்பு நடக்கும். நடந்ததும், "ஏன் முன்னாடியே கேக்கலை?" என்பார்.

முதலாமவரிடம் பலித்த வழியாயிற்றே என்று இவரிடமும் தனியாகப் போய்ப் பேசினேன். பெயர் விஷயத்தையும் அந்த வாக்கியத்தையும் சொன்னேன். "அடடா, நான் கவனிக்கவே இல்லையே, அடுத்த தடவை கண்டிப்பா" என்று அவ்வளவு கனிவாகச் சொன்னார். மனசு லேசாகி வெளியே வந்தேன். அடுத்த மாதமும் அறிக்கையில் என் பெயர் இல்லை. அதற்கு அடுத்த மாதம் ஒரு கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை. அப்ரைசலில், "குழுவோடு ஒத்துப்போவதில் முன்னேற்றம் தேவை" என்று ஒரு வரி வந்திருந்தது.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தேதி, என்ன சொன்னார், யார் உடனிருந்தார்கள், நான் என்ன பதில் சொன்னேன், அவ்வளவுதான். 'கொடூரமாக', 'அநியாயமாக' போன்ற சொற்கள் எதையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். என் சொந்த நோட்டில்தான் எழுதினேன். அலுவலகக் கணினியில் இதையெல்லாம் வைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தபோது பாதிக்கு மேல் நானே அடித்துவிட்டேன். அவை எந்த அலுவலகத்திலும் யாருக்கும் வரக்கூடிய சின்ன எரிச்சல்கள். மிச்சம் இருந்தவை பதினொன்று. அதில் ஏழு, 'இதைச் செய்யாதீர்கள்' என்று நான் நேரில் கேட்டுக்கொண்ட பிறகு அவர் திரும்பச் செய்தவை.

அந்த ஏழு வரிகள்தான் எனக்குப் பதில் சொல்லின. மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்று அதுவரை மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு முடிவே கிடையாது. தெளிவாகச் சொன்ன பிறகு என்ன நடந்தது என்ற கேள்விக்கு மட்டும் தேதியோடு பதில் இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. மேலே கை வைப்பது, பாலியல் தொல்லை, மிரட்டல் என்றால் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் கொண்டுவந்த 190-ஆவது உடன்படிக்கை, ஒரே ஒரு தடவை நடந்தாலும் அது வேலையிடத் துன்புறுத்தல்தான் என்று ஏற்றுக்கொள்கிறது. அங்கே சொல்லிப் பார்ப்பது, காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது அந்த ரகம் இல்லை. மனிதவளத் துறைக்குப் போனேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார்கள். எந்த விதியையும் அவர் மீறவில்லையே, அவர்களால் என்ன செய்துவிட முடியும்?

பதில் தெரிந்த பிறகும் ஒன்றரை வருடம் அங்கேயே இருந்தேன். இந்த ப்ராஜெக்ட் முடியட்டும், அடுத்த அப்ரைசல் வரட்டும், அவருக்கே மாற்றல் வந்தாலும் வரலாம் என்று ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஸ்வீடனில் 3,000-க்கும் மேற்பட்ட ஆண் ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்கள் மேலாளரைத் திறமையானவர் என்று சொன்னவர்களுக்கு இதய நோய் குறைவாக வந்திருந்தது. ஒரே இடத்தில் எவ்வளவு காலம் வேலை பார்த்தார்களோ அந்த அளவுக்கு இந்தத் தொடர்பும் வலுவாக இருந்தது. 'இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்' என்று நாம் சொல்லும்போது அந்த ஆறு மாதத்தின் கணக்கை நம் உடம்பும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியில் என்னைக் கிளப்பியது அவர் செய்த எதுவும் இல்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஒரு பட்டியலில் இரண்டு வரிசைகளை மாற்றிப் போட்டுவிட்டாள். எது சரி என்று கேட்க என்னிடம் வந்தாள். எனக்குக் கெடு நெருக்கிக்கொண்டிருந்தது. "இதைக்கூட நான்தான் சொல்லித் தரணுமா?" என்றேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கே தெரிந்தது. அவள் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இல்லக்கா, நானே முதல்லேர்ந்து பாத்துடறேன்" என்று திரும்பிப் போனாள்.

சாயங்காலம் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. மறுநாளே வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் ஒரு சோதனை நடத்தினார். வேலையை விடலாமா வேண்டாமா என்பது போன்ற குழப்பத்தில் இருந்தவர்களை ஓர் இணையதளத்தில் நாணயம் சுண்ட வைத்தார். 20,000-க்கும் மேற்பட்ட தடவை சுண்டினார்கள். பெரிய முடிவுகளில் 'மாறு' என்று நாணயம் சொல்லி அதன்படி மாறியவர்கள், ஆறு மாதம் கழித்து, இருந்த இடத்திலேயே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். நாணயம் சுண்டும் அளவுக்கு ஒருவர் தடுமாறுகிறார் என்றால் அவர் மனசு ஏற்கெனவே பாதி வெளியே வந்துவிட்டது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். பயம்தான் மீதிப் பாதியைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. மாதச் சம்பளத்தை நம்பி வீடு இருக்கிறது. அதனால் கோபத்தில் கடிதத்தை நீட்டாமல், ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து, அடுத்த இடம் உறுதியான பிறகு இரண்டே வரியில் ராஜினாமா எழுதினேன். நோட்டில் இருந்த எதையும் அதில் சேர்க்கவில்லை.

புது வேலை தேடும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டேன்: "உங்கள் குழுவிலிருந்து கடைசியாகப் போனவர் ஏன் போனார்?" எனக்கு மேனேஜராக வரப்போகிறவரிடமே கேட்டேன். ஓர் இடத்தில், "அவருக்கு இந்த வேலையோட வேகம் சரிப்படலை" என்றார்கள். இன்னோர் இடத்தில், "பர்சனல் காரணம்" என்றார்கள்.

மூன்றாவது இடத்தில் அந்த மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "என்னாலதான். அவருக்கு வேலை அதிகமா இருக்குன்னு ரெண்டு தடவை சொன்னார். நான் காதுல வாங்கலை. அவர் போனப்புறம்தான் அந்த வேலையை ரெண்டு பேருக்குப் பிரிச்சேன். அதுல ஒரு இடத்துக்குத்தான் உங்களைப் பாக்கறோம்" என்றார். முதல் இரண்டு இடங்களையும்விட அங்கே சம்பளம் குறைவு. அங்கேதான் சேர்ந்தேன்.